இணையக் காணொளிப் பாடங்களும் கல்லூரிப் பாடவேளையும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது. தேர்வுக் கால அட்டவணைக்கும் கட்டண அறிவிப்புக்கும் நடுவில், பாட ஆசிரியர் அனுப்பிய யூடியூப் இணைப்பு ஒன்றும் அந்தக் குழுவில் கிடக்கும்; ‘இதைப் பார்த்துவிட்டு வரவும்’ என்ற ஒற்றை வரி அதன்கீழ் இருக்கும். மறுநாள் வகுப்பில் ஆசிரியர் அதே பாடத்தை முதலிலிருந்து நடத்துவார். பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அது இரண்டாம் முறை கேட்பது. பார்க்காமல் வந்தவர்களுக்கு எந்த நட்டமும் இல்லை. இப்படி இரண்டு வாரம் போனால், பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். காணொளிகளைக் கற்பித்தலோடு இணைப்பது பற்றிய பேச்சு எந்தக் காணொளி, எத்தனை நிமிடம், எந்தத் தளம் என்ற கேள்விகளிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பார்த்து முடித்த மாணவர் அடுத்து என்ன செய்யவேண்டியிருக்கிறது, அதை யார் பார்த்துத் திருத்துகிறார் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. பலன் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது.

இதற்கு ஒரே பல்கலைக்கழகத்தில், அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் நடந்த இரு முயற்சிகள் நல்ல எடுத்துக்காட்டு. கலிஃபோர்னியாவிலுள்ள சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், 2012-ஆம் ஆண்டின் இலையுதிர்ப் பருவத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) தயாரித்து எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் வெளியிட்ட மின்சுற்றுகள், மின்னணுவியல் பாடக் காணொளிகளைத் தன் பொறியியல் மாணவர்களில் ஒரு பிரிவினருக்குக் கொடுத்தது. அவர்கள் காணொளியை வீட்டில் பார்த்துவிட்டு வந்தார்கள். வகுப்பு நேரம் தங்கள் சொந்தப் பேராசிரியருடன் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பதில் கழிந்தது. அந்தப் பிரிவில் 91% பேர் தேறினார்கள். வழக்கமான முறையில் நடந்த பிரிவுகளின் தேர்ச்சி 60 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அடுத்த பருவத்தில், அதாவது 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அதே பல்கலைக்கழகம் உடாசிட்டி என்ற இணையப் பாட நிறுவனத்துடன் சேர்ந்து அடிப்படைக் கணிதம், இயற்கணிதம், புள்ளியியல் ஆகிய மூன்று பாடங்களை முழுக்க முழுக்க இணையவழியில் நடத்தியது. மூன்றிலும் தேர்ச்சி வகுப்பறைப் பிரிவுகளைவிட வெகுவாகக் குறைந்தது. அடிப்படைக் கணிதத்தில் மூன்றில் ஒரு பங்கினர்கூடத் தேறவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் முயற்சி நிறுத்திவைக்கப்பட்டது.

இந்த இரண்டையும் அப்படியே தராசில் வைப்பது நியாயமில்லை. இரண்டாவது முயற்சியில் சேர்ந்தவர்களில் அந்தப் பாடத்தில் ஏற்கெனவே தோற்றவர்களும் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள்; முதல் முயற்சி ஒரே ஒரு பிரிவில், ஈடுபாடு மிக்க ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் நடந்தது. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம்: முதல் முயற்சியில் காணொளி வந்தபோது ஆசிரியர் வகுப்பைவிட்டு வெளியேறவில்லை. விரிவுரையிலிருந்து மட்டுமே அவர் விடுபட்டார். அந்த நேரம் மாணவரின் நோட்டைப் பார்ப்பதற்குக் கிடைத்தது.

பார்ப்பது மட்டும் ஏன் போதுவதில்லை என்பதற்குக் கற்றல் உளவியலில் தெளிவான விடைகள் உள்ளன. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்தாஸ், ஓபிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மேசைமேல் இருக்கும் தட்டுகள் கீழே விழாமல் விரிப்பை மட்டும் உருவி எடுக்கும் வித்தையின் காணொளியைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு 20 முறையும் காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்களுக்கு ‘நம்மால் முடியும்’ என்ற நம்பிக்கை நன்றாக ஏறியிருந்தது. அம்பெறிதல் போன்ற வேறு செயல்களையும் வைத்து உண்மையில் செய்யச் சொல்லிப் பார்த்தபோது, பலமுறை பார்த்ததால் திறமை கூடவில்லை. கூடியது நம்பிக்கை மட்டுமே. தொகையீட்டுக் கணக்கொன்றைத் திரையில் ஒருவர் தங்கு தடையின்றிப் போட்டு முடிப்பதைப் பார்க்கும் மாணவருக்கும் இதுவே நிகழ்கிறது. எந்தப் பதிலீட்டைத் தேர்ந்தெடுப்பது என்று திகைக்கவேண்டிய இடத்தில் காணொளி திகைப்பதில்லை. அதனால் பார்ப்பவரும் திகைப்பதில்லை. தேர்வுத்தாளில் வெற்றிடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போதுதான், அந்தத் திகைப்பைத் தாண்டத் தாம் ஒருமுறைகூடப் பழகவில்லை என்பது தெரிகிறது.

இதன் மறுபக்கத்தை ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடையே நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிறு குழுக்களாகக் கணக்குகளோடு மல்லுக்கட்டிய மாணவர்கள் தேர்வில் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் ‘இன்று நிறையக் கற்றோம்’ என்று சொன்னவர்கள் சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள்தாம். பருவ இறுதியில் கொடுக்கப்படும் கருத்துப் படிவங்களை மட்டும் வைத்துக்கொண்டு காணொளித் திட்டம் வெற்றியா தோல்வியா என்று முடிவுகட்டும் கல்லூரிகள் கவனிக்கவேண்டிய செய்தி இது. ‘யூடியூபில் பார்த்தால் நன்றாகப் புரிகிறது, வகுப்பில் புரியவில்லை’ என்று மாணவர் சொல்வதில் உண்மையும் இருக்கலாம். புரிந்தது போன்ற உணர்வும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, அந்த மாணவரிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுப்பதைத் தவிர வேறு எளிய வழி இல்லை.

அந்த வெள்ளைத்தாளைக் காணொளிக்கு நடுவிலேயே கொடுக்கலாம் என்பது 2013-இல் வெளியான இன்னொரு ஆய்வின் முடிவு. ஸ்புனார் என்பவரும் ஹார்வர்டிலிருந்த அவருடைய சக ஆய்வாளர்களும் 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரை ஒன்றை நான்கு துண்டுகளாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு சிறிய சோதனை எழுதியவர்களுக்கு, சோதனை இல்லாமல் பார்த்தவர்களைவிடக் கவனச் சிதறல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது; அவர்கள் குறிப்பும் அதிகம் எடுத்தார்கள், இறுதிச் சோதனையையும் நன்றாக எழுதினார்கள். இதைச் செய்ய விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவைப்படாது. இணைப்பை அனுப்பும்போதே, 4-ஆவது நிமிடத்தில் நிறுத்தி இந்தக் கேள்விக்கு விடை எழுதவும், 9-ஆவது நிமிடத்தில் நிறுத்தி அடுத்த படியை நீங்களே போட்டுப் பார்த்த பிறகு தொடரவும் என்று இரண்டு மூன்று வரிகளைச் சேர்த்து அனுப்பினால் போதும். மறுநாள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் அந்த விடைகளைக் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் முதல் பத்தியில் சொன்ன கதைதான்.

நம் நாட்டில் இந்தக் கொள்கையைக் காணொளியின் அமைப்புக்குள்ளேயே வைத்துத் தயாரித்த திட்டம் ஒன்று உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் தலைமையில், மத்தியக் கல்வித்துறையின் நிதியுதவியோடு உருவான ஸ்போக்கன் டுடோரியல் என்பதே அது. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், சி, ஜாவா, பைத்தான், சைலேப், லேடெக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களைச் சொல்லித்தரும், ஏறத்தாழப் பத்து நிமிடம் ஓடும் திரைப்பதிவுகள் அதில் உள்ளன. தமிழ் உட்பட 22 இந்திய மொழிகளில் குரல் மாற்றம் செய்யப்படுகின்றன. திரையில் தெரிவது ஆங்கிலமாகவே இருக்க, விளக்கும் குரல் மட்டும் தமிழில் வரும். நாளை வேலைக்குப் போகும் இடத்தில் மெனுவும் பிழைச்செய்தியும் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால், அதை மாற்றாமல் விளக்கத்தை மட்டும் தாய்மொழிக்குக் கொண்டுவருவது யோசித்து எடுத்த முடிவு. காணொளிக்கு முன்பே உரை எழுதப்பட்டு, அந்த மென்பொருளை அதுவரை தொட்டறியாத ஒருவர் அதைப் பின்பற்றிச் செய்து பார்த்த பின்னரே பதிவுக்குப் போகிறது. வல்லுநருக்கு ‘இதெல்லாம் சொல்லவேண்டுமா’ என்று தோன்றும் இடங்கள் அந்தச் சோதனையில் பிடிபட்டுவிடுகின்றன.

இதைப் பயன்படுத்தும் முறைதான் முக்கியம். மாணவர் கணினித் திரையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்; ஒரு பாதியில் காணொளி ஓடுகிறது, மறு பாதியில் மென்பொருள் திறந்திருக்கிறது. காணொளியில் ஒரு வரி எழுதப்பட்டால், அதை நிறுத்திவிட்டுத் தானும் அந்த வரியை எழுதுகிறார். சி மொழிப் பாடங்களில், விளக்குபவர் வேண்டுமென்றே ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டு நிரலை இயக்குகிறார். எந்த வரியில் என்ன பிழை என்று முனையத்தில் செய்தி வருகிறது. அதை எப்படிப் படிப்பது என்று சொல்லி, அரைப்புள்ளியைச் சேர்த்து, சேமித்து, மறுபடி தொகுத்து இயக்கிக் காட்டுகிறார். முதலாண்டு மாணவர் லேபில் அரைமணி நேரம் தவிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது நிரலாக்கம் நடத்திய எவருக்கும் தெரியும். வெற்றிகரமான நிரலை மட்டும் காட்டும் ஆயிரக்கணக்கான யூடியூப் பாடங்களைவிட, பிழையைக் காட்டும் இந்தப் பத்து நிமிடம் உதவுவதற்குக் காரணம் இதுவே. பாடங்களைத் தரவிறக்கி, இணைய இணைப்பே இல்லாத லேபிலும் ஓட்டலாம் என்பது இன்னொரு வசதி. ஊர்ப்புறக் கல்லூரிகளுக்கு இது சிறிய வசதி அன்று.

கணினிக்கு வெளியே வந்தால், ஆய்வகப் பாடங்களில் காணொளிக்கு இயல்பாகவே ஓர் இடம் இருக்கிறது. வேதியியல் ஆய்வகத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக்கொண்டு ஆக்சாலிக் அமிலத்தைத் தரம்பார்க்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் மேசைமுன் நின்று செய்துகாட்டும்போது முன்வரிசையில் நிற்கும் ஆறு பேருக்குத்தான் பியூரெட்டின் கோடுகள் தெரியும். பின்னால் நிற்பவர்கள் ஆசிரியரின் தோளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வெள்ளைத்தாளைப் பின்னணியில் வைத்து, செல்போனைத் தாங்கியில் நிறுத்திப் பியூரெட்டின் திரவமட்டத்தை நெருக்கமாகப் பதிவுசெய்தால், அறுபது பேரும் ஒரே கோணத்தில் பார்க்கலாம். நிறமற்ற கரைசலுக்குக் கீழ்ப்பிறையை, அதாவது வளைந்த திரவமட்டத்தின் அடிப்புள்ளியைப் படிக்கவேண்டும், அடர்ஊதாவான பெர்மாங்கனேட்டுக்கு மேல்மட்டத்தைப் படிக்கவேண்டும் என்பதை நூறு முறை வாயால் சொல்வதைவிட ஒரு முறை அருகிலிருந்து காட்டுவது மேல்.

ஆனால் அந்தக் காணொளி அளவீட்டைச் சொல்லிவிடக்கூடாது. பியூரெட்டைக் காட்டி, ‘இந்த அளவு என்ன, எழுதிக்கொள்ளுங்கள்’ என்று பத்து நொடி மௌனமாக நிற்கவேண்டும். அமிலத்தைச் சூடாக்கிய பிறகும் முதல் சில துளிகளின் நிறம் மறைவதற்கு நேரம் பிடிக்கிறது; பிறகு விழும் துளிகள் உடனுக்குடன் நிறமிழக்கின்றன. ஏன் என்று காணொளி கேட்கலாம். விடையை ஆய்வகத்துக்கு வைத்துவிடவேண்டும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனிகளே வினையை முடுக்குகின்றன என்பதை மாணவர் தம் கூம்புக்குடுவையில் பார்த்துக்கொண்டே கேட்கும்போது, அது நினைவில் நிற்கும் விதமே வேறு. செய்முறை விளக்கத்தில் போய்க்கொண்டிருந்த முதல் முக்கால் மணி நேரம் மிஞ்சுகிறது என்பது இதன் நேரடி ஆதாயம். அந்த நேரத்தில், ஒத்த மதிப்பு வரவில்லையென்று பக்கத்து மேசையின் அளவைப் பார்த்து எழுதும் மாணவரிடம் ஆசிரியர் போய் நிற்கமுடியும். அப்படி எழுதுவது எல்லா ஆய்வகங்களிலும் நடப்பதுதான். நடக்கவில்லை என்று பாவிப்பதில் பயனில்லை.

கலைப் பாடங்களில் நிலைமை இதே அளவுக்குத் தெளிவாக இல்லை. கல்வெட்டு மைப்படியில் ஓர் எழுத்தை அடையாளம் காண்பது போன்ற, கண்ணால் அறியவேண்டியவற்றுக்கு நெருக்கக் காட்சி பெரிதும் உதவும். ஒரு கவிதையையோ அரசியல் கோட்பாட்டையோ பற்றிய நாற்பது நிமிட உரையைப் பார்த்துவரச் சொல்வதைவிட, பாடப்பகுதியின் நான்கு பக்கத்தைப் படித்துவரச் சொல்வதே மேல் என்பது என் கருத்து. படிக்கும் பழக்கம் குறைந்துவருவதற்குக் காணொளியை மருந்தாகக் கொடுத்தால் நோய்தான் முற்றும்.

நீளத்தைப் பற்றி ஒரு சொல். காணொளி ஆறு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதி ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இன்று வேதவாக்குப் போலச் சொல்லப்படுகிறது. இதன் மூலம், எட்எக்ஸ் தளத்தில் நான்கு பாடங்களைச் சேர்ந்த 69 இலட்சம் பார்வைப் பதிவுகளைப் பிலிப் குவோவும் அவருடைய கூட்டாளிகளும் அலசி 2014-இல் வெளியிட்ட ஆய்வு. எவ்வளவு நீளக் காணொளியானாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைமதிப்பு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்பதே அது கண்டது. அவர்கள் அளந்தது பார்த்த நேரத்தை. கற்ற அளவை அல்ல. தவிரவும், விருப்பத்தின்பேரில் உலகெங்கிலுமிருந்து சேர்ந்தவர்களின் பழக்கம் அது. உள்மதிப்பீட்டோடு பிணைத்து, கேள்வித்தாளோடு கொடுக்கப்படும் பதினைந்து நிமிடக் காணொளியை நம் மாணவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். அதே ஆய்வின் வேறொரு செய்தி அதிகம் பேசப்படுவதில்லை: பளபளப்பான அரங்கில் எடுத்த பதிவுகளைவிட, ஆசிரியர் தம் அறை மேசையில் உட்கார்ந்து பேசும் எளிய பதிவுகளை மாணவர்கள் கூடுதல் நேரம் பார்த்தார்கள். பல இலட்சம் செலவில் ஒளிப்பதிவு அரங்கம் கட்டத் திட்டமிடும் நிர்வாகங்கள் அதற்குமுன் யோசிக்கலாம்.

இந்தியாவில் கல்லூரிக்கான காணொளிப் பாடம் புதிதன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடு தழுவிய வகுப்பறை 1984 ஆகஸ்டு 15 முதல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. அதற்கான நிகழ்ச்சிகளைத் தயாரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஊடக மையங்கள் அமைக்கப்பட்டன. அண்ணா பல்கலைக்கழகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அவற்றில் சேர்ந்தன. ஒளிபரப்பாகும் நேரத்தில் மாணவர் தொலைக்காட்சிமுன் இருக்கவேண்டும், நிறுத்தவோ திரும்பப் பார்க்கவோ முடியாது, தன் பாடத்திட்டத்தில் அன்றைக்கு நடப்பதோடு அது ஒட்டாது என்ற மூன்று தடைகள் அதற்கு இருந்தன. முதல் இரண்டையும் இணையம் நீக்கிவிட்டது. மூன்றாவது அப்படியே இருக்கிறது. அதை நீக்கும் வேலை ஆசிரியருடையது.

ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், சென்னை ஐ.ஐ.டி.யை ஒருங்கிணைப்பு மையமாகக்கொண்டு வளர்ந்தது. முதலில் விரிவுரைப் பதிவுகளின் களஞ்சியமாக இருந்த அது, 2014 முதல் வாராந்தரப் பயிற்சிகளும் சான்றிதழ்த் தேர்வும் கொண்ட பாடங்களாக மாறியது. 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்ட, மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம், பாடம் ஒவ்வொன்றுக்கும் காணொளி, வாசிப்புப் பகுதி, தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என நான்கு கூறுகளை வகுத்தது. அதாவது அரசின் திட்டத்திலேயே காணொளி நாலில் ஒன்றுதான். நடைமுறையில் மற்ற மூன்றும் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டன. ஸ்வயம் பாடங்கள்வழி ஈட்டும் மதிப்பளவை (கிரெடிட்) பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ள மானியக் குழு 2016-இல் 20% வரை இடம் கொடுத்தது. 2021-இல் அதை ஒரு பருவத்தின் பாடங்களில் 40% வரை என உயர்த்தியது.

இதனால் வந்த விளைவு இருவகை. 12 வாரப் பாடமொன்றில் சேர்வதற்குக் கட்டணமில்லை. தேர்வு எழுத மட்டும் கட்டணம். வாரந்தோறும் அசைன்மெண்ட் உண்டு. 12-இல் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். அசைன்மெண்ட் விடைகள் அந்தந்த வாரமே யூடியூபிலும் டெலிகிராமிலும் உலவுகின்றன என்பது மாணவர் அனைவரும் அறிந்த இரகசியம். ஆகவே 25 மதிப்பெண்ணில் முழுமையாக வாங்கியவர் காணொளியில் ஒன்றைக்கூடத் திறக்காதவராக இருக்கலாம். நேரில் எழுதும் தேர்வுதான் அதைப் பிடிக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பிலும் பாடங்கள் பதிவுசெய்த காணொளிகளாக வந்தாலும் முக்கியத் தேர்வுகளை மாணவர் மையத்துக்குப் போய்த்தான் எழுதவேண்டும் என்பதை இங்கே நினைக்கலாம். கல்லூரிகளில் இப்பாடங்களுக்கு வழிகாட்டியாக, அவர்கள் வழக்கில் மென்டராக, நியமிக்கப்படும் ஆசிரியரின் வேலை பல இடங்களில் பதிவுசெய்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதோடும் கட்டணக் கெடுவை நினைவூட்டுவதோடும் நின்றுவிடுகிறது. வாரம் ஒரு மணி நேரம் அவரும் மாணவரும் உட்கார்ந்து, விடையை வெளியிலிருந்து எடுக்க முடியாத ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பார்த்தால், அந்த 12 வாரத்தின் தன்மையே மாறும்.

மொழிச் சிக்கலை இதற்குள் அடக்கிவிட முடியாது. அரசுக் கலைக் கல்லூரியில் ஆங்கில வழியில் படிப்பவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர்கள். அவர்களுடைய ஆசிரியர் வகுப்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்தே பேசுகிறார். வரையறையை ஆங்கிலத்தில் எழுதிப்போட்டு, விளக்கத்தைத் தமிழில் சொல்கிறார். என்.பி.டி.இ.எல். காணொளியின் பேராசிரியர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே, அதுவும் ஐ.ஐ.டி. மாணவரை மனத்தில் வைத்துப் பேசுகிறார். விரிவுரைகளின் எழுத்துப் படிகள் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டு வருவது பெரிய உதவி. ஆனால் அவை இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. விரிவுரையை இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்த்தாலும் புரிதல் பெரிதாகக் குறைவதில்லை என்று கலிஃபோர்னியாவில் 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. கேட்கும் மொழியிலேயே அன்றாடம் புழங்கும் மாணவர்களைக்கொண்டு நடந்த ஆய்வு அது. நம் மாணவருக்கு முதலில் சொல்லித்தரவேண்டியது முக்கால் வேகத்தில் ஓட்டுவதையும், வசன வரிகளை இயக்குவதையும், புரியாத நிமிடத்தைக் குறித்துக்கொண்டு வந்து கேட்பதையும். காணொளியில் வரவிருக்கும் பத்துக் கலைச்சொற்களுக்கு முந்தைய வகுப்பிலேயே தமிழில் விளக்கம் சொல்லி அனுப்பினால், பாதித் தடை நீங்கிவிடும்.

கருவியும் இணைப்பும் அடுத்த தடை. கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி வீதம் தரவு அட்டை வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. அது தேவையாக இருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும். இன்று ரீசார்ஜ் பெரும்பாலான வீடுகளில் நடந்துவிடுகிறது. ஆனால் அக்காளும் தம்பியும் ஒரே போனில் படிக்கும் வீடுகளும், மாடிக்கு ஏறினால்தான் டவர் கிடைக்கும் ஊர்களும் இருக்கின்றன. மாலையில் பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவருக்கு ‘வீட்டில் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்ற கட்டளை, இல்லாத நேரத்தைக் கேட்பது. இவர்களை மனத்தில் வைத்தால், காணொளி பார்க்கும் நேரத்தைக் கல்லூரிக்குள்ளேயே கொடுப்பதுதான் வழி: முதல்நாளே தரவிறக்கிய கோப்பு, திறந்து வைத்த கணினி லேப், ஆளுக்கொரு காதொலிப்பான். செவித்திறன் குறைந்த மாணவர் இருந்தால் தானாக உருவாகும் வசனங்களை நம்பாமல் ஆசிரியர் ஒருமுறை சரிபார்த்துத் தரவேண்டும். கலைச்சொற்கள் வரும் இடத்தில்தான் அவை மிகுதியாகத் தவறுகின்றன.

இவ்வளவும் செய்ய ஆசிரியருக்கு நேரம் எங்கே இருக்கிறது என்பது கடைசியாக வரும் கேள்வி. உண்மையில் முதலில் கேட்டிருக்கவேண்டியது. மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். ஒரு காணொளியைத் தேர்ந்தெடுக்க ஐந்தாறு காணொளிகளைப் பார்க்கவேண்டும். நிறுத்தும் இடங்களைக் குறிக்கவேண்டும், கேள்விகளை எழுதவேண்டும், வந்த விடைகளைப் பார்க்கவேண்டும். இதில் எதுவும் அந்த 16 மணிக்குள் வருவதில்லை. இணையப் பாடம் தயாரிப்பவருக்குப் பதவி உயர்வில் புள்ளிகள் உண்டு; பிறர் தயாரித்த நல்ல பாடத்தை எடுத்துத் தன் வகுப்புக்கேற்பச் செம்மையாகப் பயன்படுத்துபவருக்கு எதுவும் இல்லை. அதனால்தான் ஒரே அலகுக்கு இருபது கல்லூரிகளிலிருந்து இருபது காணொளிகள் யூடியூபில் கிடக்கின்றன. அவற்றோடு சேர்த்துக் கொடுக்கத்தக்க ஒரு நல்ல கேள்வித்தாள் தேடினால் கிடைப்பதில்லை.

கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் துறைகளில் இன்னோர் அச்சமும் உண்டு: காணொளியைக் காட்டியே காலிப்பணியிடத்தை நிரப்பாமல் விட்டுவிடுவார்களோ என்பது. சான் ஹோசே பல்கலைக்கழகத்தின் மெய்யியல் துறை ஆசிரியர்கள் 2013 ஏப்ரலில் ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலுக்குத் திறந்த மடல் எழுதி, அவருடைய காணொளிப் பாடத்தைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்ததும் இதே அச்சத்தால்தான். அச்சம் ஆதாரமற்றதன்று. காணொளியால் விரிவுரை நேரம் குறைகிறது, எனவே ஆசிரியர் எண்ணிக்கையும் குறையலாம் என்ற கணக்கு தவறு என்பதற்கு அதே வளாகத்தின் மின்சுற்றுப் பாடமே சான்று; அங்கே தேர்ச்சியை உயர்த்திய நேரம் ஆசிரியர் மாணவருக்குப் பக்கத்தில் நின்ற நேரம்.

ஆறு நாள் வரிசையில் (டே ஆர்டர்) வாரம் 30 மணி நேரம் நடக்கும் நம் கலை அறிவியல் கல்லூரிகளின் கால அட்டவணையில் இதற்கு இடம் செய்யலாம். வாரம் ஐந்து பாடவேளை கொண்ட ஒரு பாடத்தில் ஒரு வேளையைக் காணொளி வேளை என்று அட்டவணையிலேயே அச்சிடலாம். அடுத்த நாள் வரிசையில் வரும் வேளையைக் கணக்குப் போடவும் விடை திருத்தவும் ஒதுக்கலாம். அந்த விடைத்தாள்களை உள்மதிப்பீட்டில் அசைன்மெண்டுக்கு உரிய மதிப்பெண்ணோடு சேர்க்கலாம். தயாரிப்புக்கு ஆகும் நேரத்தில் ஒரு மணியையாவது 16-க்குள் எண்ணலாம். பல்கலைக்கழக ஒப்புதல் தேவைப்படுவது இதில் மிகக் குறைவு. துறைத்தலைவரும் முதல்வரும் பருவம் தொடங்குவதற்கு முன் உட்கார்ந்து பேசினால், அடுத்த பருவத்திலேயே ஒரு பாடத்தில் தொடங்கிப் பார்க்கலாம்.